இயல்பும் விகாரமும்: சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை யாருக்காக எழுதப்படுகிறது?

இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் வந்து சேரும் ஒரு பிடிஎஃப் கோப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெறுபவர் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி. உடற்தகுதிச் சான்றுக்காக அன்று காலையில் சிறுநீர் கொடுத்திருந்தார். உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லை. கோப்பைத் திறந்ததும் ஆங்கிலத்தில் இருபது வரிகள். அவற்றுள் இரண்டு தடித்த எழுத்தில்: அல்புமின் டிரேஸ், பஸ் செல்ஸ் 6–8. மெல்லிய எழுத்தில் இன்னொரு வரி: எபிதீலியல் செல்ஸ் பிளெண்டி. கீழே ஒரு கையொப்பம். அதற்கும் கீழே, முடிவுகளை மருத்துவக் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பொருள்படும் ஒற்றை ஆங்கில வாக்கியம்.

'பஸ்' என்றால் சீழ் என்கிறது அகராதி. சீழ் என்றால் புண். சிறுநீரில் சீழ் என்றால் உள்ளே எங்கோ அழுகல். அல்புமின் கசிந்தால் சிறுநீரகம் பழுது என்கிறது இணையம். பத்து மணிக்குத் தேடல் தொடங்குகிறது. நள்ளிரவில் டயாலிசிஸ் பற்றிய பக்கம் திறந்திருக்கிறது. மறுநாள் காலையில் மருந்துக் கடையில் ஐந்து நாளுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கப்படுகிறது. அறிக்கையில் அச்சாகியிருந்தவை அனைத்தும் உண்மை. அதிலிருந்து அந்த மாணவி பெற்றுக்கொண்ட பொருளோ ஏறக்குறைய முழுவதும் தவறு.

இந்தத் தவற்றை அறியாமையின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அவர் அறியாதவர் அல்லர். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதக்கூடியவர். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வக அறிக்கை என்பது நோய்க்குறியியல் வல்லுநர் ஒருவர் மருத்துவர் ஒருவருக்கு எழுதும் கடிதம். அதன் சுருக்கங்களும் மௌனங்களும் அந்த இருவருக்கிடையில் மட்டுமே பொருள் தருபவை. இந்தியாவில் அந்தக் கடிதம் நோயாளியின் கையில்தான் கொடுக்கப்படுகிறது. இன்று மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே வாட்சப் வழியாகப் போய்ச் சேருகிறது. கேட்போர் மாறிவிட்டார், கூற்று மாறவில்லை. மொழியியலின் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த இந்தப் பிழைக்கு விலையாகக் கிடைப்பது ஒருபுறம் தேவையற்ற அச்சமும் மருந்தும். மறுபுறம் அதைவிடக் கொடிய பொய்யான நிம்மதி.

முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். வெள்ளணுக்களை 'பஸ் செல்ஸ்' என்று குறிப்பது இந்திய ஆய்வகங்களில் ஊறிப்போன வழக்கம். நுண்ணோக்கியின் ஒரு காட்சிப்புலத்தில் ஐந்து வரை வெள்ளணுக்கள் நலமாக இருப்பவரிடமும் தென்படும். அவை சீழ் அல்ல, உடலின் காவலணுக்கள். அதே அணு இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'டபிள்யூபிசி' என்னும் சாதுவான பெயரோடு வருகிறது. சிறுநீர் அறிக்கைக்குள் நுழைந்ததும் சீழாகிவிடுகிறது. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதில் தவறில்லை. ஒரு பெயர் தகவலையும் மற்றொன்று தீர்ப்பையும் சுமந்து வரும்போதுதான் கேடு விளைகிறது. இதைத் தமிழிலோ இந்தியிலோ தெலுங்கிலோ அப்படியே பெயர்த்துச் 'சீழ் செல்கள்' என்று எழுதினால் அச்சம் இருமடங்காகுமே தவிரத் தெளிவு பிறக்காது. மொழிபெயர்ப்பு மட்டும் தீர்வாகாது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சான்று.

அடுத்தது கூட்டல் குறி. பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கியவர்களுக்கு அந்த வண்ண வரிசை நினைவிருக்கும்: நீலம் என்றால் சர்க்கரை இல்லை, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு எனப் படிப்படியாக ஒன்று முதல் நான்கு கூட்டல்கள். 1956 இல் ஹெலன் ஃப்ரீயும் ஆல்ஃபிரட் ஃப்ரீயும் சர்க்கரையைக் காட்டும் காகிதப் பட்டையை உருவாக்கினர். சோதனைக் குழாயும் அடுப்பும் தேவையற்றுப் போயின. கூட்டல் குறி மட்டும் பட்டைக்கும் தாவி நிலைபெற்றது. அது வரிசையைக் காட்டும் குறியே அன்றி அளவைக் காட்டும் எண் அன்று. புரதத்தைக் காட்டும் பெரும்பாலான பட்டைகளில் ஒரு கூட்டல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம். இரண்டு கூட்டல் 100. மூன்று கூட்டல் 300. ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போவது மும்மடங்கு உயர்வு அன்று, பத்து மடங்கு. இந்த அளவுகோல் அறிக்கையில் பெரும்பாலும் அச்சாவதில்லை.

'மைக்ரோஅல்புமின்' என்னும் பெயரும் அத்தகையதே. நீரிழிவு உள்ளவர்களுக்குச் செய்யப்படும் இந்தப் பரிசோதனையின் பெயரைக் கேட்பவர், அல்புமினிலேயே குட்டி வகை ஒன்று இருக்கிறது போலும், அது கசிந்தால் பெரிய கேடில்லை என்று முடிவு செய்துகொள்ள இடமுண்டு. அல்புமின் ஒன்றுதான், பட்டை கண்டறிய முடியாத சிறிய அளவில் அது வெளியேறுகிறது என்பதே பொருள். கேடிகோ என்னும் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பு, இந்தச் சொல்லை ஆய்வகங்கள் கைவிட வேண்டும் என்று 2012 இலேயே அறிவுறுத்தியது. அறிவியல் தன் சொல் தவறு என்று தானே ஒப்புக்கொண்ட பிறகும் இந்திய அறிக்கைகளில் அச்சொல் வாழ்கிறது.

எல்லாவற்றினும் பெரிய குழப்பம் 'அப்நார்மல்' என்னும் சொல்லில் இருக்கிறது. 'நார்மா' என்பது இலத்தீனில் தச்சர் பயன்படுத்தும் மூலைமட்டம். அதற்குப் பொருந்தாதது கோணல். ஆனால் ஆய்வகம் கையாளும் 'இயல்பு வரம்பு' மூலைமட்டம் அன்று, அது புள்ளியியல். அளவிடப்படும் எண்களுக்கு, நலமாக இருக்கும் ஒரு குழுவினரின் முடிவுகளை வரிசைப்படுத்தி நடுவிலுள்ள 95 விழுக்காட்டை எல்லையாக வைப்பதே பொதுவான முறை. ஆகவே, நலமானவர்களுள் 5 விழுக்காட்டினர் அந்த வரையறையாலேயே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது அளவுகளை ஒருவரிடம் எடுத்தால், முழு நலத்தோடு இருக்கும்போதும் ஒன்றாவது எல்லை தாண்டி நிற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. 'முழு உடற்பரிசோதனை' என்ற பெயரில் எண்பது, தொண்ணூறு அளவுகளைக் கட்டாக விற்கும் காலத்தில், தடித்த எழுத்து ஏதுமில்லாத அறிக்கையைப் பெறுவதுதான் அரிய நிகழ்வு.

இங்கே தமிழ் இலக்கண மரபு ஒரு நல்ல சிந்தனைக் கருவியைத் தருகிறது. நன்னூல் புணர்ச்சியை இயல்பு என்றும் விகாரம் என்றும் பிரிக்கிறது. விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்குகிறது. பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது இல்லாத ஒன்று தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது இருந்த ஒன்று திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது இருந்த ஒன்று கெடுகிறது. இவற்றுள் எதையும் இலக்கணம் பிழை என்பதில்லை. மாற்றத்தைக் கண்டதும் மாணவர் கேட்கக் கற்பிக்கப்படும் கேள்வி, எந்தச் சூழலில் இது நிகழ்ந்தது என்பதே. சிறுநீர் அறிக்கையின் விகாரங்களிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

தோன்றலிலிருந்து தொடங்கலாம். சிறுநீரில் சர்க்கரை தோன்றினால் நீரிழிவு என்பது பொதுநம்பிக்கை. இரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போதுதான் பொதுவாகச் சிறுநீரகம் அதை வெளியே விடுகிறது. கருவுற்ற காலத்தில் அந்த வாயில் தாழ்ந்துவிடும். இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் தோன்றலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்பவருக்கு நான்கு கூட்டல் வந்தால் அது கேடு அன்று; மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதே அம்மருந்தின் செயல்முறை. இந்தச் சூழலை அறியாத கண்ணுக்கு அந்த நான்கு கூட்டல்கள் பேரிடி.

புரதமும் அவ்வாறே. காய்ச்சலும் கடுமையான உடற்பயிற்சியும் சில நாளுக்குப் புரதத்தைக் கசியவிடும். இளையோர் சிலருக்கு நின்று நடமாடும் பகலில் மட்டும் கசிந்து, படுத்துறங்கி எழுந்த காலைச் சிறுநீரில் காணாமற்போகும். பட்டை செறிவைத்தான் அளக்கிறது என்பதும் முக்கியம். தண்ணீர் குறைவாகக் குடித்தவரின் அடர்ந்த சிறுநீரில் இயல்பான புரதமே 'டிரேஸ்' என்று காட்டும். மிகுதியாகக் குடித்தவரிடம் உண்மையான கசிவும் மறைந்துபோகும். ஆகவேதான் ஐயம் இருந்தால் அல்புமினைக் கிரியாட்டினினோடு ஒப்பிட்டு விகிதமாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்து, அந்த நிலை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்னும் சொல்லுக்கே இடம் உண்டு. ஒரு காலைப் பொழுதின் ஒற்றை 'டிரேஸ்' அந்த வாக்கியத்தின் முதற்சொல்லாகக்கூட ஆகாது.

இரத்தம் என்னும் வரிக்கு இன்னொரு நுட்பம் உண்டு. பட்டை சிவப்பணுவைப் பார்ப்பதில்லை. ஹீம் என்னும் வேதிப்பொருளின் வினையைப் பார்க்கிறது. தசை நொறுங்கி வெளிவரும் மயோகுளோபினுக்கும் அது நிறம் மாறும். பட்டையில் இரத்தம் மூன்று கூட்டல், நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லை என்ற முரண்பாடு கடுமையான உடலுழைப்புக்கோ விபத்துக்கோ பின்பு தென்பட்டால் அது அவசர நிலை. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு மட்டுமே அது புலப்படும். மாதவிடாய்க் காலத்து மாதிரியில் சிவப்பணு தோன்றுவதில் வியப்பேதுமில்லை; ஆனால் மாதிரி வாங்கும் மேசையில் அந்தக் கேள்வி எத்தனை இடங்களில் கேட்கப்படுகிறது? வைட்டமின் சி மாத்திரையை மிகுதியாக உட்கொண்டவரிடம் இரத்தமும் சர்க்கரையும் இருந்தும் பட்டை 'இல்லை' என்று சொல்லக்கூடும்.

திரிதலுக்கு நிறம் நல்ல எடுத்துக்காட்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகும். இதை முன்பே சொல்லி அனுப்பாத மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளி, மருந்து இரத்தமாகப் போகிறது என்று அஞ்சி நிறுத்திவிடக்கூடும். காசநோய்ச் சிகிச்சையை இடையில் நிறுத்துவது என்னவாக முடியும் என்பது இந்தியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதன்று. வெயிலில் ஓரிரு மணிநேரம் கிடந்த மாதிரியும் திரிந்துபோகும்: கிருமிகள் பெருகும், காரத்தன்மை ஏறும், அணுக்கள் சிதையும், சர்க்கரை குறையும். சேகரித்த நேரமும் ஆய்வு செய்த நேரமும் அறிக்கையில் தெளிவாக இல்லையெனில் மற்ற எண்களை நம்புவதற்கு அடிப்படையே இல்லை.

அந்த மாணவியின் அறிக்கைக்கு இப்போது திரும்பலாம். அவர் கவனிக்காமல் கடந்த மெல்லிய எழுத்து வரிதான் திறவுகோல். எபிதீலியல் செல்கள் மிகுதி என்றால், பெரும்பாலும் தோலிலிருந்தும் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியிலிருந்தும் உதிர்ந்த அணுக்கள் மாதிரியில் கலந்துவிட்டன என்று பொருள். அவற்றோடு வெள்ளணுக்களும் வெளியிலிருந்தே வந்திருக்கக்கூடும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தைக் காலையில் புட்டியோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த இரவே நிகழ்ந்திருக்காது. அவருக்குத் தேவைப்பட்டது மாத்திரை அன்று, இன்னொரு மாதிரி.

இதுவரை சொன்னது வீண் அச்சத்தின் கதை. இதன் மறுபக்கம் இன்னும் கனமானது.

ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்றொரு பகுதி. தென்னையும் முந்திரியும் செழித்த கடலோர நிலம். அங்குள்ள உழைக்கும் குடும்பங்களை நாட்பட்ட சிறுநீரக நோய் ஆண்டுக்கணக்கில் அரித்து வருகிறது. பாதிக்கப்பட்டவர்களுள் பலரிடம் வழக்கமான காரணங்களான நீரிழிவோ நெடுநாள் இரத்த அழுத்தமோ இல்லை. வெப்பமும் நீரிழப்பும், நிலத்தடி நீர், வேளாண் வேதிப்பொருள் எனப் பல கருதுகோள்கள் இருக்கின்றன. ஒற்றைக் காரணம் நிறுவப்படவில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் நடு அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் காணப்படும் நோயோடு இதற்கு ஒப்புமை உண்டு. இவ்வகை நோய் சிறுநீரகத்தின் வடிகட்டியைவிட அதன் நுண்குழல்களையும் அவற்றைச் சூழ்ந்த திசுவையும் தாக்குகிறது. ஆகவே, தொடக்கத்தில் புரதம் மிகக் குறைவாகவே கசியும், கசியாமலும் இருக்கலாம். கூலித் தொழிலாளி ஒருவர் முகாமில் சிறுநீர் கொடுத்து 'அல்புமின் நில்' என்ற தாளோடு வீடு திரும்பலாம். தாளில் ஒரு தடித்த எழுத்தும் இருக்காது. இரத்தத்தில் கிரியாட்டினினைப் பார்த்தால்தான் நிலைமை தெரியும். 'நில்' என்றால் பட்டை இந்த மாதிரியில் எதையும் பிடிக்கவில்லை என்பது மட்டுமே பொருள். அவர் படிப்பதோ, சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை என்று.

இலக்கணம் சொல்லும் கெடுதல் இங்கே பொருந்துகிறது. நுண்குழல்கள் பழுதாகும்போது சிறுநீரைச் செறிவாக்கும் திறன் மெல்லக் குறைகிறது. அடர்த்தி எண் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 1.010 அருகே நின்றுவிடலாம். இயல்பு வரம்பு 1.005 முதல் 1.030 வரை என்பதால் அந்த எண் எல்லைக்குள்ளேயே இருக்கும். எந்த மென்பொருளும் அதைத் தடித்த எழுத்தாக்காது. ஒரு திறன் அழிந்துபோனதை 'இயல்பு' என்ற சொல் மூடிவிடுகிறது.

நைட்ரைட் என்னும் வரியும் இத்தகையதே. ஈ. கோலை போன்ற கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதற்குச் சிறுநீர் பையில் சில மணிநேரம் தங்கியிருக்க வேண்டும். எண்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் மாற்றவே மாட்டா. எரிச்சலும் காய்ச்சலும் உள்ள ஒருவருக்கு 'நைட்ரைட் நெகட்டிவ்' என்று வந்தால் தொற்று இல்லை என்று ஆகாது. பேச்சு வழக்கில் 'இல்லை' என்பது இன்மை. ஆய்வக வழக்கில் அது 'இந்த வழியில் தேடியபோது தென்படவில்லை' என்பது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவில் நோய் வளர இடமிருக்கிறது.

மாணவி வாங்கிய மாத்திரைக்கும் ஒரு சமூக விலை உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாதவரின் சிறுநீரில் கிருமி வளர்ந்தால்கூட, கருவுற்றவர்களையும் சிறுநீர்ப்பாதையில் அறுவை முறைகளுக்கு ஆயத்தமாகுபவர்களையும் தவிர்த்து, பெரும்பாலோர்க்கு மருந்து வேண்டியதில்லை என்பது இன்றைய வழிகாட்டு நெறி. மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்னும் புகழ்பெற்ற எல்லை எட்வர்ட் காஸின் 1950களின் ஆய்விலிருந்து வந்தது. எரிச்சல் உள்ள பெண்ணிடம் அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையும் பொருளுடையது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அதாவது, எண் தனியாகப் பேசுவதில்லை. நோயாளியின் சொல்லோடு சேர்ந்துதான் பேசுகிறது. ஆன்டிபயாடிக்குகள் பலவற்றைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தும் மருந்துச் சீட்டு இல்லாத விற்பனை நின்றபாடில்லை. மருந்தை எதிர்க்கும் கிருமிகளைப் பற்றிக் கருத்தரங்குகள் நடத்தும் நாட்டில், அந்தச் சங்கிலியின் முதற்கண்ணியாக ஓர் அறிக்கையின் சொல்லாட்சி இருக்கக்கூடும் என்று எந்தக் கருத்தரங்கும் பேசுவதில்லை.

என்ன செய்யலாம்? கலைச்சொல்லாக்கம் மட்டும் போதாது என்பதை முதலில் ஏற்க வேண்டும். அறிவியல் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்குகிறது. மத்தியப் பிரதேசம் 2022 இல் மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் மருத்துவக் கல்வியின் மொழி பற்றிய விவாதம் சூடாக இருக்கிறது. மருத்துவர் எந்த மொழியில் கற்க வேண்டும் என்பதில் காட்டும் ஆர்வத்தில் நூறில் ஒரு பங்குகூட, நோயாளியின் கையில் கிடைக்கும் ஒற்றைத் தாள் எந்த மொழியில், எந்த வகை வாக்கியத்தில் இருக்க வேண்டும் என்பதில் காட்டப்படவில்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம், அவர்களுக்குத் தெரிந்த மொழியில், அவர்கள் புரிந்துகொள்ளும் அளவில் விளக்கம் பெறுவதை உரிமையாகச் சொல்கிறது. அறிக்கைத் தாள் அந்த உரிமையின் எல்லைக்கு வெளியே நிற்பதற்கு நியாயம் ஏதுமில்லை.

வேண்டியவை நான்கு. முதலாவதாக, மாதிரி நம்பத்தக்கதா என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்: 'இம்மாதிரியில் தோலணுக்கள் மிகுதியாகக் கலந்துள்ளன, மறுமாதிரி தேவைப்படலாம்' என்று மாநில மொழியில் ஒரு வாக்கியம். இரண்டாவதாக, 'சீழ் செல்' போன்ற தீர்ப்புச் சொற்களை நீக்கி 'வெள்ளணு' போன்ற பெயர்ச்சொற்களை வைக்க வேண்டும். மூன்றாவதாக, தடித்த எழுத்தென்னும் ஒற்றை எச்சரிக்கைக்கு மாற்றாக மூன்று படிகள் வேண்டும்: மறுபடியும் பார்க்கத்தக்கது, சில நாளுக்குள் மருத்துவரிடம் காட்டத்தக்கது, இன்றே காட்டத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் இரத்தம், குளிர்நடுக்கத்தோடு விலாவலி, முகவீக்கம் அல்லது கால்வீக்கத்தோடு புரதம், நீரிழிவு உள்ளவருக்கு வாந்தியோடு மிகுந்த கீட்டோன், கருவுற்றவருக்கு உயர் இரத்த அழுத்தத்தோடு புரதம் ஆகியவை எந்த அறிக்கைக்காகவும் காத்திருக்கக் கூடாதவை என்ற குறிப்பும் அங்கேயே இருக்கலாம். நான்காவதாக, இந்தப் பரிசோதனை எதைக் காணாது என்பதையும் எழுத வேண்டும்: 'புரதம் தென்படவில்லை என்பதால் சிறுநீரகம் முழு நலத்தோடு உள்ளது என்று பொருளாகாது.' உத்தானத்துத் தொழிலாளிக்கு வேண்டியது இந்த ஒரு வாக்கியமே.

இதற்கு எழும் மறுப்புகளும் எளியவை அல்ல. விளக்குவது மருத்துவரின் பணி, தாளின் பணியன்று என்பது முதல் மறுப்பு. கொள்கையளவில் சரி. ஆனால் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் புறநோயாளிப் பிரிவில் இருபது வரிகளுக்கும் விளக்கம் கிடைப்பதில்லை. தொகுப்புப் பரிசோதனை செய்துகொண்டவருக்கோ மருத்துவரே இல்லை. விளக்கம் தந்தால் மக்கள் தாமே மருத்துவம் செய்துகொள்வார்கள் என்பது இரண்டாவது. இப்போதும் செய்துகொள்கிறார்கள், விளக்கமின்றி. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் விளக்கிவிடுமே என்பது புதிய மறுப்பு. தடித்த எழுத்தை நல்ல தமிழில் விரித்துரைக்க அவற்றால் முடியும். ஆனால் மாதவிடாய் நாளா, என்ன மாத்திரை, மாதிரி எத்தனை மணிநேரம் கிடந்தது என்பன தாளில் இல்லாதபோது, சூழல் தெரியாத விகாரத்துக்கு அவை எழுதும் உரையும் ஊகமாகவே இருக்கும்.

சட்டப்பொறுப்பு பற்றிய அச்சம்தான் மெய்யானது. தவறான நிம்மதி அளித்ததாக ஆய்வகம் குற்றஞ்சாட்டப்படலாம். அதனால்தான் இந்த வாக்கியங்களைத் தனித்தனி ஆய்வகங்கள் தம் விருப்பப்படி எழுதக்கூடாது. மருத்துவக் கல்லூரிகளும் மொழியியல் துறைகளும் சேர்ந்து ஒவ்வொரு மொழியிலும் பொது வாசகங்களை உருவாக்கி, உண்மையான நோயாளிகளிடம் படித்துக்காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டுத் திருத்த வேண்டும். வட்டார வழக்குகளையும் வாய்மொழி மரபுகளையும் பதிவு செய்யும் துறைகளுக்கு இது அந்நியமான வேலையன்று. ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதியான தலைப்பு ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் ஆய்வகச் சன்னலுக்கு வெளியிலும் வரிசையில் நிற்கிறது.

சிறுநீரைப் பார்த்தே எல்லா நோயையும் சொல்லிவிடலாம் என்ற மயக்கம் புதியதன்று. கண்ணாடிக் குடுவையை உயர்த்திப் பிடித்து, நோயாளியையே காணாமல் குறி சொன்னவர்களைக் கடிந்து தாமஸ் பிரயன் 1637 இல் இலண்டனில் ஒரு நூலே வெளியிட்டார். சித்த மருத்துவமும் நீர்க்குறி, நெய்க்குறி என்று சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கியது. அம்முறையின் மருத்துவ மதிப்பு தனியே ஆராயத்தக்கது. ஆனால் அதன் கட்டமைப்பில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: நீர் எட்டுத் தேர்வுகளுள் ஒன்று மட்டுமே. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பது அந்த வரிசை. நோயாளியின் மொழியும் நீரும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. இன்றைய அறிக்கை நீரை மட்டும் வாங்கிக்கொள்கிறது. மொழியைக் கேட்பதுமில்லை, திருப்பித் தருவதுமில்லை.

அந்த மாணவி மறுவாரம் இன்னொரு மாதிரி கொடுத்தால், இம்முறை நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுத்தால், தாளில் தடித்த எழுத்து ஒன்றும் இல்லாமல் போவதற்கே வாய்ப்பு மிகுதி. உத்தானத்தில் 'நில்' என்ற தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குத் திரும்பும் மனிதருக்கு மறுவாரம் என்று ஒன்று குறிக்கப்படவே இல்லை. அவருக்குப் புரியும் மொழியில் இரண்டு வாக்கியங்களை அந்தத் தாளில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, சிறிது மையும் சிறிது அக்கறையும்.